வாசல் மரத்தை வெட்டலாமா? ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் போஸ்ட்மார்ட்டம்

(எபிசோடில் பேசியது, படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)



போன வருஷம் அக்டோபர். ராத்திரி ரெண்டே முக்கால் மணி. ஆபீஸ்ல ஒரு ரிலீஸ் போய்க்கிட்டிருந்துச்சு, அன்னிக்கு நான்தான் ஆன்-கால். ஹெட்போன் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். அதையும் மீறி ஒரு சத்தம். முதல்ல மடமடன்னு ஏதோ முறியுது, அப்புறம் தொம்னு ஒண்ணு விழுது. உடனே ஒரு கார் அலாரம். அதே நேரம் வீட்டு நெட்டும் போச்சு.

வெளியே ஓடிப்போய்ப் பார்த்தா, எங்க வாசல்ல இருக்கற தூங்குமூஞ்சி மரத்தோட ஒரு பெரிய கிளை ரோட்டுக்குக் குறுக்கே கிடக்கு. அதுக்கு அடியில எதிர்வீட்டு ஸ்கூட்டர். எங்க ஃபைபர் கேபிளை அந்தக் கிளையிலதான் கட்டியிருந்தாங்க, அதுவும் அறுந்து தொங்குது. இத்தனைக்கும் அன்னிக்குக் காத்தே இல்ல, மழையும் இல்ல.

ஸ்கூட்டரை விட என்னை பயமுறுத்தினது வேற ஒண்ணு. கிளை விழுந்த இடத்துலதான் பகல் பூரா எங்க தெரு இஸ்திரி அண்ணன் வண்டி நிக்கும். 22 வருஷமா அந்த நிழல்லதான் அவருக்குத் தொழில். ராத்திரி ரெண்டே முக்காலுக்குப் பதிலா காலையில பத்து மணியா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

வாட்ஸ்அப் தீர்ப்பு

எங்க வீடு நங்கநல்லூர்ல. பழவந்தாங்கல் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தா பதினஞ்சு நிமிஷம். முன்னாடி ஆலந்தூர் நகராட்சி, 2011-ல சென்னை மாநகராட்சியோட சேர்ந்துச்சு. எங்க தெருவுல பெரும்பாலான வீடு எழுபது, எண்பதுகள்ல கட்டினது. இப்போ ஒண்ணொண்ணா இடிச்சு ஃப்ளாட் ஆயிக்கிட்டிருக்கு. அந்தக் காலத்துல வச்ச மரங்களும் வீடுகளோட சேர்ந்து வயசாகி நிக்குது.

மறுநாள் காலையில தெரு வாட்ஸ்அப் குரூப்ல போல் போட்டாங்க. "மரத்தை எடுத்துடலாமா?" மொத்தம் 31 வீடு. அதுல 24 பேர் 'ஆமா'.

அந்த 24-ல நானும் ஒருத்தன்.

இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, இந்த எபிசோட்ல நான் மரத்தைக் காப்பாத்தின ஹீரோ கிடையாது. அந்த மரம் அந்த நிலைக்கு வந்ததுல எனக்குப் பங்கு இருக்கு. அது எனக்குத் தெரிய வந்ததே இந்த வோட்டுக்கு அப்புறம்தான்.

பயப்பட்டவங்களையும் நான் தப்பு சொல்ல மாட்டேன். 2022 ஜூன்ல கே.கே.நகர்ல போய்க்கிட்டிருந்த கார் மேல ஒரு பெரிய மரம் சாஞ்சு, உள்ளே இருந்த ஒரு பெண் இறந்துட்டாங்க. சென்னையில இருக்கறவங்களுக்கு அந்த நியூஸ் ஞாபகம் இருக்கும். "மரம்னா அழகு, நிழல், ஆக்சிஜன்"னு சொல்லிட்டு அந்த பயத்தை ஒதுக்கிட முடியாது. அதே சமயம், பயம் வந்ததும் இருக்கற எல்லாத்தையும் வெட்டிடவும் முடியாது.

அண்ணன் கேட்ட கேள்வி

அன்னிக்கு சாயங்காலம் சட்டை வாங்கப் போனேன். இஸ்திரி அண்ணன் வண்டியை ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெயில்ல நிறுத்தியிருந்தார். பெட்டியில கரி போட்டுக்கிட்டே கேட்டார். "தம்பி, நீங்களும் வெட்டணும்னுதான் போட்டீங்களாமே?"

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. "அண்ணே, உங்க தலைமேல விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"னு கேட்டேன்.

"விழுந்திருக்கும்தான், இல்லேங்கல. ஆனா அந்தக் கிளை ஏன் விழுந்துச்சுன்னு யாராவது பார்த்தீங்களா?"

சரியான கேள்வி. நம்ம வேலையில ஒரு சர்வர் விழுந்தா என்ன பண்ணுவோம்? "பழைய சர்வர், தூக்கிப் போடு"ன்னு அடுத்த நிமிஷமே சொல்ல மாட்டோம். போஸ்ட்மார்ட்டம் எழுதுவோம். எப்போ என்ன நடந்துச்சு, யார் எதை மாத்தினாங்க, எந்த மாற்றத்துக்கு அப்புறம் பிரச்சனை ஆரம்பிச்சுது. மாசத்துக்கு ரெண்டு எழுதறேன். வாசல்ல நிக்கற மரத்துக்கு அதை எழுதணும்னு எனக்குத் தோணவே இல்ல.

சரி, எழுதிப் பார்ப்போம்னு ஆரம்பிச்சேன். லாக் ஃபைல் எங்கே? ரெண்டு இடத்துல இருந்துச்சு. ஒண்ணு அண்ணனோட ஞாபகம். இன்னொண்ணு மூணு வீடு தள்ளி இருக்கற மாமியோட ஃபோட்டோ ஆல்பம்.

டைம்லைன்

மாமி வீட்டு கிரகப்பிரவேச ஃபோட்டோ 1981. அதுல தெரு இருக்கு, மரம் இல்ல. 1986-ல அவங்க பையன் பூணூல் ஃபோட்டோவுல, மூங்கில் கூண்டுக்குள்ள இடுப்பு உயரத்துக்கு ஒரு கன்னு தெரியுது. ஆக, மரத்துக்கு வயசு கிட்டத்தட்ட நாற்பது. தூங்குமூஞ்சி வேகமா வளர்ற மரம். பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கா. குடை மாதிரி விரியும், சாயங்காலம் இலையை மூடிக்கும், அதான் அந்தப் பேர். நல்ல இடம் கிடைச்சா நாற்பது வயசு அதுக்குப் பெரிய வயசே இல்ல.

அடுத்த பதிவு, 2016 டிசம்பர் 12. வர்தா புயல். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல காத்து. நான் அப்போ காலேஜ்ல, ஹாஸ்டல்ல இருந்தேன். எங்க தெருவுல மட்டும் ஏழு மரம் போச்சுன்னு அண்ணன் கணக்கு சொன்னார். இந்த மரம் ரெண்டு கிளையோட தப்பிச்சுது.

2017. புயலுக்கு அப்புறம் எல்லாருக்கும் பயம். தெருக்காரங்க காசு போட்டு ஆள் கூட்டிட்டு வந்து மரத்தோட தலையை மொத்தமா மொட்டை அடிச்சாங்க. "கனம் குறைஞ்சா காத்துல விழாது"ன்னு லாஜிக்.

அதுக்கப்புறம் ஒரு தடவை வடிகாலுக்காகத் தோண்டினாங்க. மரத்துலேர்ந்து நாலடி தள்ளி பள்ளம். தொடை தடிமனுக்கு ஒரு வேரை அறுத்து எடுத்ததைப் பார்த்ததா அண்ணன் சொன்னார்.

2019. எனக்கு வேலை கிடைச்சு முதல் கார் வாங்கின வருஷம். வாசல்ல கார் நிறுத்த இடம் சரியில்ல, மழை பெஞ்சா சேறு. அதனால மரத்தைச் சுத்தி, அடிமரத்தை ஒட்டி, ஒரு இன்ச் மண்கூடத் தெரியாம சிமெண்ட் போட்டோம். போட்டோம் என்ன, போட்டேன். மேஸ்திரியைக் கூட்டிட்டு வந்தது நான், காசு கொடுத்ததும் நான். "மரத்துக்கு ஒரு மேடை மாதிரி அழகா இருக்கும்"னு அப்பாகிட்ட சொன்ன ஞாபகம்கூட இருக்கு.

மரத்துக்குள்ள என்ன நடந்துச்சு

இப்போ கொஞ்சம் டெக்னிக்கல். இந்தப் பகுதியை மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க.

நமக்குக் காயம் பட்டா அந்த இடத்துல புதுத் தோல் வந்து ஆறிடும். மரத்துக்கு அப்படி ஆறாது. அடிபட்ட கட்டையைச் சுத்தி உள்ளுக்குள்ள சுவர் கட்டி, அழுகல் பரவாம பூட்டி வச்சுட்டு, அதுக்கு மேல புதுசா வளரும். அமெரிக்க வனத்துறையில இருந்த அலெக்ஸ் ஷைகோ என்கிற விஞ்ஞானி, 1959-லேர்ந்து ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்குல அறுத்துப் பார்த்து இதைச் சொன்னார். அவருக்கு முன்னாடி பெரும்பாலும் குறுக்கே அறுத்துத்தான் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

இதுலேர்ந்து நமக்கு நேரடியா ஒரு பாடம் இருக்கு. கிளை அடிமரத்தோட சேர்ற இடத்தைக் கவனிச்சுப் பாருங்க, லேசா வீங்கின ஒரு வளையம் மாதிரி இருக்கும். சுவர் கட்டற வேலையில அந்த இடத்துக்குப் பெரிய பங்கு இருக்கு. அதனால கிளையை எடுக்கணும்னா அந்த வளையத்துக்கு வெளியே, அதை ஒட்டி வெட்டணும். வளையத்தோட சேர்த்து மழிச்சாலும் தப்பு, ரெண்டடி முண்டு விட்டு வெட்டினாலும் தப்பு. வெட்டின இடத்துல தார் பூசறது, பெயிண்ட் அடிக்கறது எல்லாம் அழுகலைத் தடுக்கறது இல்ல.

2017-ல நாங்க பண்ணது அந்த ரெண்டாவது தப்பு. நடுக்கிளையில முண்டு முண்டா வெட்டிட்டோம். இலைதான் மரத்தோட சமையலறை. மொத்த சமையலறையையும் ஒரே நாள்ல எடுத்துட்டா மரம் என்ன பண்ணும்? அவசர அவசரமா முண்டுலேர்ந்து கொத்துக் கொத்தா புதுக் கிளையை விடும். பார்க்க பச்சைப் பசேல்னு இருக்கும், "பாரு, எப்படித் தழைச்சிருக்கு"ன்னு நாமும் சந்தோஷப்படுவோம். ஆனா சாதாரண கிளை அடிமரத்துக்குள்ள ஆழமா ஊன்றி இருக்கும். இந்தப் புதுக் கிளைக்குப் பிடிப்பு மேல்பட்டையை ஒட்டின கொஞ்ச கட்டைதான். அதுக்குக் கீழே முண்டு அழுகிக்கிட்டு வரும். மேல கிளை கனமாகிக்கிட்டே போகும். ஏழெட்டு வருஷத்துல ஒருநாள், காத்தே இல்லாத ராத்திரியில, விழும்.

விழுந்த கிளையைப் போய்ப் பார்த்தேன். முறிஞ்ச இடத்துல உள்ளே பழுப்பா, பிஸ்கட் மாதிரி உதிருது. சுத்தி ஒரு ஓரமா மட்டும்தான் நல்ல கட்டை. கனத்தைக் குறைக்கறோம்னு வெட்டினதே அந்தக் கிளையை விழ வச்சிருக்கு.

அடுத்தது வேர். மேல மரம் எவ்வளவு உயரமோ கீழே வேர் அவ்வளவு ஆழம்னு நாம நெனைக்கறோம், படத்துலயும் அப்படித்தான் வரைவாங்க. ஆனா பெரும்பாலான வேர் மேல் ரெண்டடி மண்ணுலயே இருக்கு. பக்கவாட்டுல கிளை விரிப்பைத் தாண்டியும் போகும். ஏன்னா வேருக்குத் தண்ணி மட்டும் போதாது, காத்தும் வேணும். அது மேல் மண்ணுலதான் இருக்கு. அந்த மண்ணைத்தான் நான் சிமெண்ட் போட்டு மூடியிருக்கேன்.

டெல்லி விஷயத்துல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-லயே, மரத்தைச் சுத்தி ஒரு மீட்டருக்குள்ள இருக்கற கான்கிரீட்டை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டிருக்கு. நான் சிமெண்ட் போட்டது அதுக்கு ஆறு வருஷம் கழிச்சு.

தட்டிப் பார்த்த நாள்

ரிட்டயர் ஆன ஒரு தாவரவியல் பேராசிரியரை, தெரிஞ்சவங்க மூலமா கூட்டிட்டு வந்தோம். அவர் பெரிய கருவி எதுவும் கொண்டு வரல. ஒரு மரச் சுத்தி, ஒரு நீளக் கம்பி, அவ்வளவுதான். அடிமரத்தைச் சுத்திச் சுத்தித் தட்டினார். ஒரு பக்கம் 'டொக் டொக்'னு கெட்டியா, ஒரு இடத்துல 'பொத்'னு காலியா.

"உள்ளே பொந்து இருக்கு"ன்னார். குரூப்ல இருந்த மாமாக்கள் ரெண்டு பேர் உடனே "அப்போ எடுத்துடலாமே சார்?"னாங்க. அவர் சிரிச்சுட்டு, "உங்கள்ல யாரு இன்ஜினியர்?"னு கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தாங்க.

குழாய்க் கணக்கு ஞாபகம் இருக்கா? வட்டமான ஒரு கம்பம் வளையாம நிக்கற பலம், விட்டத்தோட நாலாம் அடுக்கைப் பொறுத்தது. உள்ளே பாதி விட்டத்துக்குப் பொந்து விழுந்தா, பாதி பலம் போயிடாது. அரையோட நாலாம் அடுக்கு பதினாறுல ஒண்ணு. அதாவது 6 சதவீதம் சொச்சம்தான் போகும். 70 சதவீதம் விட்டத்துக்குப் பொந்து இருந்தாக்கூட போறது 24 சதவீதம். பொந்து நடுவுல இருக்கணும், சுத்திச் சுவர் முழுசா இருக்கணும். அப்போதான் இந்தக் கணக்கு செல்லும். ஒரு பக்கம் திறந்துட்டாலோ விரிசல் விட்டாலோ கதை வேற.

இன்ஜினியரிங் முதல் வருஷம் பரீட்சைக்கு எழுதி மறந்த ஃபார்முலா. வாசல் மரத்துக்குப் பயன்படும்னு நெனச்சதே இல்ல.

அவர் சொன்ன முடிவு: மரம் நிக்கும். ரெண்டு கிளை மட்டும் எடுக்கணும், ரெண்டுமே 2017 முண்டுலேர்ந்து வந்தது. ஒரு வருஷத்துல மொத்த இலைவிரிப்புல கால்வாசிக்கு மேல எடுக்கக் கூடாது. சிமெண்ட்டை உடைக்கணும். ஆணி, கம்பி, கேபிள் எதுவும் மரத்துல இருக்கக் கூடாது.

அப்புறம் கிளம்பும்போதுதான் அது நடந்துச்சு. மாமி வீட்டு வாசல்ல ஒரு வேப்பமரம். நல்லா தழைச்சு நிக்கும், தெருவே கொண்டாடற மரம். யாரும் அதைப் பத்திக் கேட்கவே இல்ல. அவர் அதைக் கடந்து போனவர் நின்னு, குனிஞ்சு பார்த்தார். அடிமரத்துல, மண்ணை ஒட்டி, தட்டு மாதிரி காளான். கம்பியை அழுத்தினார், வெண்ணெயில போற மாதிரி உள்ளே போச்சு. வடிகால் பள்ளம் இருந்த பக்கம் வேரே இல்ல. எதிர்ப்பக்கம் மண் லேசா மேல தூக்கிக்கிட்டு வெடிச்சிருந்துச்சு.

"இதை வைக்க முடியாது"ன்னார்.

நாங்க வோட்டு போட்டு வெட்டச் சொன்ன மரம் நிக்கலாம். யாருமே சந்தேகப்படாத மரம் போகணும். பச்சையா இருக்கறது உறுதியா இருக்கறதுக்கு அடையாளம் இல்லன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

மாமிகிட்ட யார் சொல்றதுன்னு எல்லாரும் தயங்கினோம். அந்த வேம்பு அவங்க கையால வச்சது. கடைசியில நானே போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம் சொன்னாங்க. "நான் வச்சதுதாண்டா. நானே சொல்றேன், எடுத்துடுங்கோ. யார் தலையிலயாவது விழுந்தா அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

என்ன செஞ்சோம்

தெருமரம் நம்ம வாசல்ல இருந்தாலும் நம்மது இல்ல. கிளை வெட்டறதுக்கும் சரி, மரத்தை எடுக்கறதுக்கும் சரி, மாநகராட்சியோட அனுமதி வேணும். 1913-க்கு ஃபோன் பண்ணிப் பதிவு செஞ்சு, எழுத்துலயும் கொடுத்தோம். வந்து பார்த்துட்டு, வேம்பை எடுக்கவும் ரெண்டு கிளையை வெட்டவும் அனுமதி கொடுத்தாங்க.

வெட்ட வந்த அண்ணன்மார்கிட்ட ஒண்ணு மட்டும் கேட்டுக்கிட்டோம். மூணு வெட்டு. முதல்ல கிளையோட அடிப்பக்கம் ஒரு அரை வெட்டு, அப்புறம் அதுக்குக் கொஞ்சம் வெளியே மேலேர்ந்து வெட்டிக் கனத்தை இறக்கணும், கடைசியா அந்த வளையத்துக்கு வெளியே முண்டை எடுக்கணும். நேரா மேலேர்ந்து ஒரே வெட்டா வெட்டினா, கிளை விழும்போது அடிமரத்துப் பட்டையையும் உரிச்சுக்கிட்டு வரும். அவங்களுக்கு அது தெரிஞ்சிருந்துச்சு. "அவசரப்படுத்தாம இருந்தா அப்படியே பண்ணிடலாம் சார்"னாங்க.

சிமெண்ட் உடைக்கற கூலியும், புதுக் கன்னு, செம்மண், கூண்டும் சேர்த்து வீட்டுக்கு 600 ரூபாய் ஆச்சு. மெஷின் வச்சு உடைச்சா வேர் அடிபடும்னு அடிமரத்துக்குப் பக்கத்துல உளியால மெதுவா எடுத்தாங்க. அன்னிக்கு நான் லீவு போட்டேன். நான் போட்ட சிமெண்ட், நான் நின்னு பார்க்கணும்னு தோணுச்சு. அடியில இருந்த மண் வறண்டு, செங்கல் மாதிரி இறுகிப் போயிருந்துச்சு.

இப்போ அங்கே விழற இலையைப் பெருக்கி எரிக்காம, ரெண்டு மூணு இன்ச் கனத்துக்கு மண் மேலயே பரப்பி விடறோம், அடிமரத்தைத் தொடாம. கோடையில தண்ணியை அடிமரத்துல ஊத்தாம, தள்ளி, நிழல் விழற சுற்றளவுல ஊத்தறோம். குடிக்கற வேர் அங்கேதான் அதிகம். கேபிளை எல்லாம் கம்பத்துக்கு மாத்தச் சொல்லி, மூணு கம்பெனிக்கு ஃபோன் பண்ணி அலுத்து, நாலாவது வாரத்துல நடந்துச்சு. பழைய விளம்பரத் தகட்டு ஆணி மட்டும் 40-க்கு மேல பிடுங்கினோம்.

அடையாறு ஆலமரம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தியசாபிகல் சொசைட்டி தோட்டத்துல இருக்கறது. 1989 புயல்ல அதோட தாய்மரம் சாஞ்சுடுச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே விழுதுகள் இறங்கித் தனித்தனி மரமா நின்னதால, இன்னிக்கும் அந்த ஆலமரம் இருக்கு. தூங்குமூஞ்சிக்கும் வேம்புக்கும் விழுது கிடையாது. அதுங்களுக்கு அடுத்த தலைமுறையை நாமதான் வைக்கணும், அதுவும் பழைய மரம் நிக்கும்போதே. விழுந்ததுக்கு அப்புறம் வச்சா இருபது வருஷம் தெருவுக்கு நிழல் இல்ல.

அதனால வேம்பு இருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மகிழம் வச்சிருக்கோம். எங்க தூங்குமூஞ்சிக்கு எதிர்ப்பக்கம் ஒரு புங்கை. மகிழத்தை மாமிதான் வச்சாங்க. "நான் பூ பொறுக்க இருக்க மாட்டேன், நீ பொறுக்கு"ன்னு சொன்னாங்க. குரூப்ல தண்ணி ஊத்த டர்ன் போட்டிருக்கோம். உண்மையைச் சொல்லணும்னா பாதி நாள் இஸ்திரி அண்ணன்தான் ஊத்தறார்.

அவர் வண்டி திரும்ப நிழலுக்கு வந்தாச்சு. முன்னாடி நின்ன இடத்துல இல்ல, ஆறடி தள்ளி. வேர் மேல கனம் நிக்கக் கூடாதுன்னு அவரே நகர்த்திக்கிட்டார். என் காரும் அங்கே நிக்கறது இல்ல. அடுத்த தெருவுல நிறுத்திட்டு நடந்து வர்றேன், மழை நாள்ல திட்டிக்கிட்டே.

அந்த மரம் இன்னும் எத்தனை வருஷம் நிக்கும்னு பேராசிரியர்கிட்ட கேட்டேன். "வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி ஒரு தடவை சுத்தி வந்து பாருங்க"ன்னு மட்டும் சொன்னார்.

நீங்களும் இன்னிக்கு வீட்டுக்குப் போகும்போது உங்க வாசல் மரத்தோட அடியை ஒரு நிமிஷம் குனிஞ்சு பாருங்க. மண் தெரியுதா, சிமெண்ட் தெரியுதா? காளான் இருக்கா? மண் எங்கேயாவது தூக்கிக்கிட்டு வெடிச்சிருக்கா? போன வருஷம் இல்லாத சாய்வு இருக்கா? முண்டா வெட்டின இடத்துலேர்ந்து கனமான கிளை தொங்குதா? இதுல ஏதாவது இருந்தா உடனே வெட்டணும்னு அர்த்தம் இல்ல. தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டணும்னு அர்த்தம். எதுவும் இல்லன்னாலும் ஒரு ஃபோட்டோ எடுத்து வைங்க. அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். எங்களுக்கு மாமியோட பூணூல் ஃபோட்டோ உதவின மாதிரி.

உங்க தெரு மரத்துக்கு ஒரு கதை இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடறேன். நான் இப்போ கிளம்பறேன், இன்னிக்குப் புங்கைக்குத் தண்ணி ஊத்த வேண்டியது என்னோட டர்ன்.